தொண்ணூற்றேழு சதவீத அக்கி

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் கோபப்படாத ஆள் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், நானே பேசிக்கொள்கிறேன்.

என் பெயர் பிலோமினா. துறையூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருக்கிற மருத்துவக் குறியீட்டு அலுவலகத்தில் வேலை. நோயாளியைப் பார்த்துவிட்டு டாக்டர் என்ன எழுதினாரோ அதைப் படித்து, அந்த நோய்க்கு என்று உள்ள குறி எண்ணைப் போட வேண்டும். முன்பெல்லாம் இந்த எண் இன்சூரன்ஸ்காரர்களுக்கு மட்டும்தான் வேண்டியிருந்ததாம். இப்போது எண் வராமல் எந்த மருந்து அலமாரியும் திறக்காது, ஆஸ்பத்திரிக் கதவும் திறக்காது. எண் போட்டால்தான் உங்களுக்கு நோய். போடாவிட்டால் நீங்கள் சும்மா முனகிக்கொண்டிருக்கும் ஒரு ஆள், அவ்வளவுதான்.

டாக்டரும் இப்போது மனிதர் இல்லை. தெருவுக்குத் தெரு நிற்கிற பொட்டி. 'நலம்' என்று கம்பெனி பெயர் வைத்திருக்கிறது, ஜனங்கள் பொட்டி டாக்டர் என்றுதான் சொல்கிறார்கள். நல்ல பொட்டிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆரம்பத்தில் யாரோ ஒரு பெரிய மனிதரின் மச்சானுக்கு வந்த வாயுத் தொல்லையை மாரடைப்பு என்று நூறு சதவீதம் உறுதியாகச் சொல்லித் தொலைத்தது. கேஸ் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து எந்த நோயைச் சொன்னாலும் தொண்ணூற்றேழு சதவீதத்துக்கு மேல் சொல்லாதே என்று கம்பெனி வக்கீல்கள் அதன் வாயைக் கட்டிவிட்டார்கள். எலும்பு முறிவு, வெட்டுக்காயம் மாதிரி கண்ணால் பார்த்துத் தெரிகிற சமாசாரத்துக்கு மட்டும் நூறு போடும்.

இங்கேதான் எங்கள் தொழிலின் விதி குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. எந்தக் காலத்திலோ அமெரிக்காவில் எழுதிய விதி. வெளிநோயாளியின் சீட்டில் நோய் சந்தேகமாக இருந்தால் அந்த நோய்க்கு எண் போடக்கூடாது. அறிகுறிக்கு மட்டும் போட வேண்டும். நூற்றுக்கு மூன்று குறைந்தாலும் சந்தேகம் சந்தேகம்தான். ஆகவே துறையூரில் நான்கு வருஷமாக யாருக்கும் டைபாய்டு இல்லை, 'காய்ச்சல்' மட்டும் உண்டு. யாருக்கும் குடல் புண் இல்லை, 'வயிற்று எரிச்சல்' உண்டு. அலமாரி காய்ச்சலுக்கு ஒரு மாத்திரையும் எரிச்சலுக்கு ஒரு திரவமும் கொடுக்கும். பெரும்பாலானவர்களுக்கு அதுவே சரியாகிவிடும். ஆகாதவர்கள் மனித டாக்டரிடம் போகலாம். அவர் கையெழுத்துப் போட்டால் நூறு. திருச்சியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆடி மாதம் பதிவு செய்தால் தை மாதம் பார்ப்பார்கள்.

இந்த விதியைக் காவல் காக்கிறவர் எங்கள் தணிக்கையாளர் தெய்வசிகாமணி சார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விதிப் புத்தகத்தோடு குடும்பம் நடத்துகிறார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். நான் போட்ட எண்களை வரிவரியாகப் பார்த்து, "இது சீட்டுல எங்கம்மா இருக்கு? காட்டுங்க" என்பார். சர்க்கரை மாத்திரை விழுங்குகிறவருக்குச் சர்க்கரை நோய் என்று ஒரு தடவை போட்டுவிட்டேன். "நீங்க டாக்டராம்மா?" என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைத்த புண்ணியவான்.

அந்தத் திங்கட்கிழமை காலை அவர் இடது கண்ணை மூடிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாரோ என்று ஒரு கணம் ஆடிப்போனேன். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. இடப்பக்க நெற்றி முழுக்கக் கொத்துக் கொத்தாகக் கொப்புளம், சரியாக நடுக்கோட்டில் நின்றிருந்தது. மூக்கு நுனியிலும் ஒன்று. இமை வீங்கி, கண் செக்கச் செவேல் என்றிருந்தது.

"ஐயோ சார், அக்கி! கண்ணுல போட்டிருக்கு!" என்று கத்திவிட்டேன்.

"நீங்க டாக்டராம்மா?" என்றார்.

கீழே பொட்டியிடம் கூட்டிப் போனேன். அது அவர் முகத்தை நன்றாகப் பார்த்து, குரலில் தேனைத் தடவிக்கொண்டு பேசியது. "வணக்கம் ஐயா. தங்களுக்குக் கண்ணைப் பாதிக்கும் அக்கி தொண்ணூற்றேழு சதவீதம். சிறுவயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பில் தூங்கியிருந்து எழுந்திருக்கிறது. மூக்கு நுனியில் கொப்புளம் இருப்பதால் கருவிழியும் பாதிக்கப்படலாம். கொப்புளம் தோன்றி மூன்று நாளுக்குள் மருந்து தொடங்குவது நல்லது. தாமதித்தால் பார்வை குறையலாம். தங்கள் நாள் இனிதாகட்டும்."

அந்தச் சீட்டு யார் மேஜைக்கு வர வேண்டும்? என் மேஜைக்குத்தான் வந்தது.

"சார், நான் போட்டுடறேன். பி சைபர் ரெண்டு, புள்ளி, மூணு மூணு. கருவிழியில அக்கி. அலமாரி திறந்துடும்."

"போட்டீங்கன்னா உங்க வேலை போயிடும். நானே எழுதி அனுப்புவேன்."

"கண்ணு போயிடும் சார்!"

"நாமக்கல்ல ஒரு பொண்ணு இப்படித்தான் மனசு இளகிப்போய் யூகத்துல ஒரு பையனுக்கு வலிப்புன்னு போட்டுச்சு. அவனுக்கு வண்டி லைசென்ஸ் போச்சு, வேலை போச்சு. கடைசியில பார்த்தா வலிப்பே இல்ல. நமக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதக்கூடாதும்மா. எனக்குன்னா ஒரு விதி, அந்தப் பையனுக்குன்னா ஒரு விதியா?"

மனிதர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு அழுகையும் வந்தது, அறையலாம் போலவும் இருந்தது. வேறு வழியில்லாமல் 'கண் சிவப்பு', 'நெற்றித் தடிப்பு' என்று இரண்டு அறிகுறிகளுக்கு எண் போட்டேன். அலமாரி திறந்து ஒரு கண் கழுவும் நீரும் ஒரு களிம்பும் கொடுத்தது. ஆஸ்பத்திரிக் கதவு, "கண் சிவப்புக்குப் போதிய ஓய்வு எடுக்கவும்" என்று சொல்லி மூடிக்கொண்டது. கொப்புள நீரைச் சோதனைக்கு எடுக்கலாம் என்றால், சோதனைக்கும் எண் வேண்டுமாம்.

சந்தேகம் இருந்தால் டாக்டருக்கே கேள்வி அனுப்பலாம், விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் நமக்கு வேண்டிய பதிலை வாயில் திணிக்கிற மாதிரி கேட்கக்கூடாது. நான் எழுதினேன், அவர் ஒற்றைக் கண்ணால் பார்த்துக் கோடு போட்டு அடித்தார்.

"இந்த நோயாளிக்கு அக்கி என்று உறுதி செய்ய முடியுமா?"

"அக்கின்னு நீங்களே சொல்லிட்டீங்களே. அடி."

"இந்த நோயாளியின் கண்ணில் உள்ளது அக்கியா, சாதாரணக் கண் வலியா, வேறு ஏதாவதா?"

"அக்கியை முதல்ல போட்டிருக்கீங்க. முதல்ல இருக்கறதுக்கு மவுசு ஜாஸ்தி. அடி."

கடைசியில் "தயவுசெய்து தெளிவுபடுத்தவும்" என்று இரண்டே சொல் மிஞ்சியது. அதை அனுப்பினோம். பொட்டி தெளிவாகப் பதில் சொன்னது: "தொண்ணூற்றேழு சதவீதம்."

மறுநாள் காலை அவர் அக்கா செண்பகவல்லி அவரைக் கையைப் பிடித்து அலுவலகத்துக்கே கூட்டி வந்துவிட்டார். தம்பியோடு இருக்கிறவர். ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் வைத்தியம் சொல்கிறவர். சார் முகத்தைப் பார்த்ததும் எங்களுக்கு மூச்சே நின்றது. நெற்றி முழுக்கக் காவி மண் பூசி, அதன் நடுவே வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு சிங்கம் நின்றது.

"குயவர் வீட்டுல போய் அக்கி எழுதிட்டு வந்தோம் பிலோமி. சிங்கத்தைக் கண்டா அக்கி ஓடிடும். கண்ணுக்குள்ள மட்டும் எழுத மாட்டேன்னுட்டாரு. இப்ப அந்தப் பொட்டிகிட்ட இன்னொரு வாட்டி காட்டலாம் வா."

காட்டினோம். பொட்டி வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தது. "அக்கி நாற்பத்தொரு சதவீதம்" என்றது. கொப்புளமெல்லாம் மண்ணுக்கடியில் போய்விட்டால் அதுதான் என்ன செய்யும்? பிறகு குரலை மாற்றிக்கொண்டு கேட்டது. "ஐயா, தங்கள் நெற்றியில் சிங்கம் தென்படுகிறது. நூறு சதவீதம். தாங்கள் சிங்கத்தால் தாக்கப்பட்டீர்களா?"

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. சிங்கம் கடித்ததற்கு எண் உண்டு. சிங்கம் கடித்தால் ஆஸ்பத்திரிக் கதவு தானாகத் திறக்கும். "சார், ஆமான்னு சொல்லுங்க!" என்று காதில் கிசுகிசுத்தேன்.

"இல்லை" என்றார் தெய்வசிகாமணி சார்.

"டேய், சொல்லித் தொலையேன்டா! சிங்கமா வந்து கேக்கப்போவுது?" என்று அக்கா முதுகில் ஒன்று வைத்தார்.

"இல்லை" என்றார் மறுபடியும். "அப்ப மயக்கம் போட்டாவது விழு" என்றார் அக்கா. அதற்கும் மாட்டேன் என்றார். மயக்கம் வரவில்லையாம்.

அன்று மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மண்ணைக் கழுவிவிட்டுக் கூடத்தில் ஈசிச்சேரில் சாய்ந்திருந்தார். நான் எதிரே போய் நின்றதும், "யாரது, பிலோமினாவா?" என்றார். வலது கண்ணை அவர் கையால் பொத்தியிருந்தார், இடது கண் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கிறாராம். மூன்றடி தூரத்தில் என் முகம் தெரியவில்லை. அவர் இருபது வருஷமாக எழுத்தைப் படித்தே வாழ்ந்தவர். மூன்றாம் நாள் நாளைக்கு.

"பயமா இருக்கும்மா" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. பிறகு தனக்குத் தானே விதிகளை முணுமுணுக்க ஆரம்பித்தார், மற்றவர்கள் சுலோகம் சொல்கிற மாதிரி. திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிலோமினா, அந்த விதி வெளிநோயாளிக்குத்தானே?"

"ஆமா சார்."

"உள்நோயாளிக்கு?"

என் உடம்பு சிலிர்த்துப்போயிற்று. உள்நோயாளிக்கு வேறு விதி. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, சீட்டில் நோய் சந்தேகமாக இருந்தால்கூட உறுதி என்றே எடுத்துக்கொண்டு எண் போடலாம். எங்களுக்கு இந்த ஊரில் உள்நோயாளியே வருவதில்லை என்பதால் மறந்தே போயிருந்தோம்.

"உள்ள போகணும், அவ்வளவுதான். எதுக்காகப் போறோம்ங்கறது முக்கியமில்ல. ஆனா அது உண்மையா இருக்கணும். நூறு சதவீதம் இருக்கணும்" என்றவர், என்னைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்தது. அம்மா தாயே, எனக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் புரிய வேண்டும்? "என்னால முடியாது சார்" என்றேன்.

"என்னாலயும் முடியாதும்மா. கை வரமாட்டேங்குது. இப்பவே மனசுக்குள்ள போட்டுப் பார்த்துட்டேன்."

"அக்காவைக் கேளுங்க."

"அவ ஊரைக் கூட்டிடுவா."

சமையலறைக்குப் போனேன். அக்கா புளி கரைத்துக்கொண்டிருந்தார். அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "ஏ, அது எதுக்குடி? மசாலா ஒட்டியிருக்கு, கழுவல!" என்று பின்னாலேயே வந்தார். சார் வலது காலை நீட்டி வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இயேசுவே என்று சொல்லிவிட்டுக் குழவியை விட்டேன்.

அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அக்கா என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்.

பொட்டி படம் எடுத்துப் பார்த்தது. "வலது கால் பெருவிரல் எலும்பு முறிவு. நூறு சதவீதம்" என்று சொல்லும்போது அதன் குரலில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கதவு பளிச்சென்று திறந்தது. முறிவு என்றால் ஒரு ராத்திரி உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அதற்கு உத்தரவு.

மறுநாள் காலை நான் குறியிட உட்கார்ந்தேன். சார் பக்கத்தில் சக்கர நாற்காலியில், காலில் மாவுக்கட்டோடு, வேலை செய்தால்தான் ஆச்சு என்று வந்து உட்கார்ந்திருந்தார். கால் விரலுக்கு எங்கள் புத்தகத்தில் இருக்கிற மரியாதையைப் பார்க்க வேண்டும். வலதா இடதா, பெருவிரலா மற்றதா, எலும்பு விலகியதா விலகாததா, முதல் தடவையா அடுத்ததா, ஏழு எழுத்து. கண்ணில் வருகிற அக்கிக்கு எந்தக் கண் என்று சொல்லக்கூட இடமில்லை. அதன் பிறகு முறிவு எப்படி ஏற்பட்டது என்று ஒரு கேள்வி வரும். தற்செயல், தாக்குதல், தானே செய்துகொண்டது, சிகிச்சை என்று நான்கு பதில்தான்.

"தற்செயல்" என்று வைத்தேன்.

"தற்செயலாம்மா? சமையலறையிலிருந்து தூக்கிட்டு வந்தீங்களே."

"அப்ப தாக்குதல்னு போட்டு என்னை ஜெயிலுக்கு அனுப்புங்க!"

"நான்தானே கேட்டேன்? தாக்குதல் ஆகாது. நானே செஞ்சுக்கலை, அதுவும் ஆகாது. எதுக்காகப் போட்டீங்க?"

"உங்க கண்ணுக்காகத்தான், வேற எதுக்கு?"

"அப்ப சிகிச்சை. உண்மையை எழுதுங்கம்மா" என்றார். பிழை பிடிக்க ஒன்றுமில்லாத திருப்தி அவர் முகத்தில் இருந்தது. 'சிகிச்சைக்காகச் செய்யப்பட்டது' என்று எழுதினேன். அதன் கீழே முழு உறுதியாக, பி சைபர் ரெண்டு புள்ளி மூணு மூணு. கீழே மருந்து அலமாரி திறக்கிற சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. நான் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். பத்து நாளில் அவருக்குக் கண் தெளிந்தது. தெளிந்த கண்ணால் முதலில் பார்த்தது என் பழைய சீட்டு ஒன்றைத்தான், அதில் இரண்டு தப்பு கண்டுபிடித்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் ஏன் கோபப்படப் போகிறேன்?

செண்பகவல்லி அக்கா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். "கல்லைப் போட்டாங்க, கண்ணு வந்துடுச்சு" என்று சுருக்கமாகச் சொன்னார். நடுவில் இருந்த விதி, உள்நோயாளி, சந்தேகம் எதுவும் அவர் வாயில் நிற்கவில்லை. முதலில் பாத்திரக்கடைக்காரர் இருமலுக்காகப் படிக்கல்லைப் போட்டுக்கொண்டார். உள்ளே போய் வந்தவருக்குக் காச நோய் என்று எண் விழுந்து, சரியான மருந்து கிடைத்து, ஆள் தேறினார். பிறகு வாத்தியார் வீட்டம்மாள், பிறகு முசிறியிலிருந்து ஒரு குடும்பமே வந்தது. ஊரில் பாதிப் பேர் நொண்டினார்கள், ஆனால் ஆரோக்கியமாக நொண்டினார்கள். எங்களுக்கும் முதல் முறையாக நிஜமான நோய்களுக்கு எண் போடக் கிடைத்தது. ஒவ்வொரு சீட்டிலும் சார் முன்மாதிரி காட்டியபடி, 'சிகிச்சைக்காகச் செய்யப்பட்டது'.

இதையெல்லாம் பொட்டி படித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நோயைச் சொல்லத்தான் அதன் வாயைக் கட்டியிருந்தார்கள். எந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்று கணக்குப் பார்க்க யாரும் தடை போடவில்லை. கார்த்திகை மாதம் எல்லா அலுவலகங்களுக்கும் அறிக்கை வந்தது. "கால் பெருவிரல் முறிப்பு. கண் அக்கி, காச நோய், குடல் புண், இரத்தச் சோகை அனைத்துக்கும் உகந்தது. பலன் நூறு சதவீதம்." எல்லாப் பொட்டிகளுக்கும் கீழே, கால் வைக்க வசதியாக ஒரு சிறு இழுப்பறை பொருத்தப்படும், வலி தெரியாமல் ஊசி போடப்படும் என்றும் இருந்தது.

"சார், இது அநியாயம்! மருந்துதான் குணப்படுத்துச்சு, விரல் இல்ல. உங்களுக்குத் தெரியாதா?" என்று குதித்தேன்.

அவர் அறிக்கையை இரண்டு கண்ணாலும் இரண்டு தடவை படித்தார். முகம் வெளிறிவிட்டது. "சீட்டுப்படி சரியாத்தான் இருக்கு" என்றார். "நாமதானே எழுதியிருக்கோம். தப்பு எங்கன்னு காட்ட முடியலையே. கேள்வி அனுப்பலாம். ஆனா வாயில திணிக்காத மாதிரி..."

அவர் பேசி முடிப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. அக்கா. ஒரு வாரமாக வயிற்று எரிச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், முக்குப் பொட்டியிடம் போயிருக்கிறார். "தம்பி, இது என்னவோ காலை உள்ள வைக்கச் சொல்லுது. எந்தக் காலை வைக்கட்டும்?"

சார் எழுந்துவிட்டார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக, எந்தச் சீட்டிலும் இல்லாத ஒன்றை, யாரையும் கேட்காமல், தொண்டை கிழியக் கத்தினார். "அக்கா, காலை எடு! எடுத்துட்டு ஓடு! அந்தப் பக்கமே நிக்காத, ஓடு!"

அக்கா ஓடினார். ஓடிய வேகத்தில் முக்குக் கடைப் படி தடுக்கிவிட்டது. இடது பெருவிரல், நூறு சதவீதம். ஆஸ்பத்திரிக் கதவு திறந்து வாங்கிக்கொண்டது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது குடல் புண் என்று எண் விழுந்து, சரியான மருந்தும் கிடைத்தது. நான்கு நாளில் எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

"பொட்டி சொன்னப்பவே நீட்டியிருந்தா வலி தெரியாம ஊசியாவது போட்டிருக்கும். உன் பேச்சைக் கேட்டு ஓடி விழுந்தேன் பாரு" என்று தம்பியைத் திட்டிக்கொண்டே புளியோதரை சாப்பிட்டார். சார் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முறிவு எப்படி ஏற்பட்டது என்ற கேள்விக்கு இந்தத் தடவை உண்மையாகவே 'தற்செயல்' என்று எழுதியிருந்தேன். அந்த வாரமே அறிக்கையில் ஒரு திருத்தம் வந்தது. விரலைத் தற்செயலாக முறித்துக்கொண்டாலும் அதே பலன் கிடைக்கிறதாம்.